அணுக் குப்பையும் அதைப் பிரிக்கும் கூலியும்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம், அணுக் கழிவைப் பிளாஸ்மா என்னும் முறையினால் பிரித்தெடுப்பதில் உள்ள வரவு செலவைப் பற்றியதாகும். துண்டு விளம்பரத்தைப் பார்த்துவிட்டு, "இது காலேஜ் வாத்தியார்களின் சங்கதியல்லவா, இதை இந்தக் கூட்டத்தில் ஏன் பேசவேண்டும்?" என்று சில தோழர்கள் வாசலிலேயே கேட்டார்கள். நியாயமான கேள்விதான். நாமும் காலேஜ் வாசல் மிதித்தவர்களல்ல. நமக்குத் தெரிந்ததெல்லாம் புத்தகத்தைப் புரட்டியும், தெரிந்தவர்களைக் கேட்டும் தெரிந்துகொண்டதேயாகும். என்றாலும் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் என்னும் நான்கும் எவனுடைய பாட்டன் சொத்துமல்ல. எந்தக் காரியத்திலாவது ஒருவன் வந்து "இது உனக்குப் புரியாது, பணத்தை மாத்திரம் கொடுத்துவிட்டுப் பேசாமலிரு" என்பானேயானால், அங்கேதான் நாம் கணக்குக் கேட்க வேண்டியவர்களாயிருக்கிறோம்.

கணக்கு நடந்த இடம் நம் நாடல்ல. அமெரிக்காவின் மேற்கு ஓரத்தில் வாஷிங்டன் என்ற மாகாணம் இருக்கிறது. (ஜனாதிபதி இருக்கும் வாஷிங்டன் பட்டணம் வேறு.) அந்த மாகாணத்தில் கொலம்பியா என்ற பெரிய ஆற்றின் கரையில் ஹான்போர்டு, ஒயிட் பிளப்ஸ் என்று இரண்டு சிற்றூர்கள் இருந்தன. குடியானவர்கள் தோட்டம் போட்டுப் பிழைத்து வந்தார்கள். ஆதிகாலத்திலிருந்து வானபம், யாக்கமா முதலிய பூர்வகுடி மக்கள் அந்த ஆற்றில் மீன் பிடித்துச் சீவித்து வந்தார்கள். 1943ஆம் வருஷம் ராணுவத்தார் வந்து, சுமார் ஒரு மாத காலத்தில் ஊரைக் காலி செய்ய வேண்டுமென்றார்கள். எதற்கு என்று அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. 1945 ஆகஸ்டு 9ந் தேதி நாகசாகி பட்டணத்தின் மேல் விழுந்த குண்டிலிருந்த புளூட்டோனியம் அந்த மண்ணில் தயாரானது என்பது பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது. அது முதல் 1987 வரையில் அங்கே புளூட்டோனியம் செய்துகொண்டே இருந்தார்கள்.

புளூட்டோனியம் செய்வதென்றால் என்ன? யுரேனியக் கட்டைகளை அணு உலையில் வேகவைத்து, பிறகு அவைகளை நைட்ரிக் திராவகத்தில் கரைத்து, அதிலிருந்து துளியளவு புளூட்டோனியத்தைத் தனியே எடுத்துக்கொள்ளுவது. மிச்சப்படுகிற திராவகக் குழம்புதான் நம்முடைய இன்றைய கதாநாயகன். அதில் சீசியம், ஸ்ட்ரோன்சியம் முதலிய கொடிய கதிர் வீசும் பொருள்கள் இருக்கின்றன. அதைச் சாக்கடையில் விட முடியாது, தொட்டியில்தான் வைக்கவேண்டும்.

இங்கேதான் முதல் "சிக்கனம்" நடந்தது. தோழர்கள் இதைக் கவனித்துக் கேட்கவேண்டும். திராவகத்தை வைக்கவேண்டுமானால் எவர்சில்வர் தொட்டி வேண்டும். யுத்த காலத்தில் எவர்சில்வர் கிடைப்பது அரிது, விலையும் அதிகம். ஆகையால் சாதாரண எஃகுத் தகட்டை வைத்து, சுற்றிலும் காங்கிரீட் போட்டு, பூமிக்குள் தொட்டி கட்டினார்கள். சாதாரண எஃகை திராவகம் தின்றுவிடுமே! அதற்கு என்ன செய்தார்களென்றால், குழம்பிலேயே காஸ்டிக் சோடாவைக் கொட்டிப் புளிப்பை முறித்தார்கள். ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பு வைத்தால் களிம்பேறும் என்று பயந்து, பாத்திரத்துக்கு ஈயம் பூசாமல், குழம்பில் சுண்ணாம்பைக் கரைத்துக் கொட்டிய வீட்டுக்காரியை நீங்கள் கண்டதுண்டா? நாம் கண்டதில்லை. ஆனால் உலகத்திலேயே பெரிய மேதாவிகள் கூடிய இடத்தில் அது நடந்தது.

அதன் பலன் என்ன? திராவகமும் சோடாவும் சேர்ந்து உப்பாயிற்று. விஷத்தின் அளவு அப்படியே இருக்க, விஷம் கலந்த உப்பின் அளவு மலையாகப் பெருகிற்று. இன்று அங்கே 177 தொட்டிகள் இருக்கின்றன. அவற்றில் 149 ஒற்றைச் சுவர் தொட்டிகள், 28 இரட்டைச் சுவர் தொட்டிகள். மொத்தக் கழிவு சுமார் 5 கோடியே 60 லட்சம் காலன். நம் கணக்கில் ஏறக்குறைய 21 கோடி லிட்டர். (காலன் என்பது அமெரிக்க முகத்தலளவை, எமனல்ல. ஆனாலும் இந்த இடத்தில் இரண்டு பொருளும் பொருந்தும்.) ஒற்றைச் சுவர் தொட்டிகள் இருபது, இருபத்தைந்து வருஷம் தாங்கட்டும் என்று கட்டப்பட்டவை. கடைசியாகக் கட்டியதுங்கூட 1964இல். அவற்றில் 67 தொட்டிகள் ஒழுகியவை அல்லது ஒழுகியதாகச் சந்தேகிக்கப்படுபவை என்று சர்க்காரே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். பூமிக்குள் இறங்கியது சுமார் 10 லட்சம் காலன். ஆறோ பக்கத்தில் ஓடுகிறது.

இத்தனையிலும் உண்மையில் கதிர் வீசுகிற பொருள் எவ்வளவு என்று பார்த்தால், எடையில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. மற்றதெல்லாம் சோடியம், அலுமினியம், இரும்பு, நைட்ரேட் உப்பு இப்படிப்பட்டவை. படி அரிசியில் பத்துக் கல் கிடப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பத்துக் கல்லுக்காகப் படி அரிசியையும் தங்கப் பெட்டியில் வைத்துப் பூட்டுவதா, கல்லைப் பொறுக்கிவிட்டு அரிசியைச் சாதாரணப் பானையில் வைப்பதா என்பதுதான் கேள்வி. பொறுக்குகிற கூலி பெட்டியின் விலையைவிடக் குறைவாயிருந்தால் பொறுக்கவேண்டும்; அதிகமாயிருந்தால் பொறுக்கக்கூடாது. இதைத்தான் பெரிய பெரிய புத்தகங்களில் பொருளாதார ஆராய்ச்சி என்று எழுதியிருக்கிறார்கள்.

தங்கப் பெட்டி என்று நாம் சொன்னது கண்ணாடியை. கழிவைக் கண்ணாடி மூலப்பொருள்களோடு சேர்த்து உருக்கி, எவர்சில்வர் உருளைகளில் ஊற்றி உறைய வைப்பது இப்பொழுது வழக்கத்திலுள்ள முறை. நம் நாட்டில் டிராம்பே, தாராப்பூர், கல்பாக்கம் ஆகிய இடங்களிலும் இதே கண்ணாடி முறைதான். கண்ணாடி தண்ணீரில் கரையாது, ஆயிரக்கணக்கான வருஷம் இருக்கும் என்பது அதன் நியாயம். நல்ல முறைதான். ஆனால் விலை அதிகம்.

சரி, பிளாஸ்மா என்றால் என்ன? கட்டி, திரவம், வாயு என்று மூன்று நிலை நமக்குத் தெரியும். வாயுவை மேலும் சூடாக்கினாலோ, மின்சாரத்தால் அடித்தாலோ அணுவிலிருந்து எலக்ட்ரான் கழன்றுகொள்ளும். அந்த நிலைக்குப் பிளாஸ்மா என்று பெயர். மின்னல் பிளாஸ்மா; வெல்டிங் வைக்கிறபோது தெரிகிற பொறி பிளாஸ்மா; டியூப் லைட்டுக்குள் ஒளி விடுவதும் அதுதான். இதில் ஒரு தெய்வீகமுமில்லை, மர்மமுமில்லை. எலக்ட்ரான் கழன்ற அணுவுக்கு மின்னேற்றம் இருப்பதால், அதைக் காந்தத்தாலும் மின்சாரத்தாலும் இழுக்கவும் சுழற்றவும் முடியும். சுழற்றினால் என்ன ஆகும்? இலேசானது உள்ளேயே சுற்றிக்கொண்டு உருளையின் இரண்டு முனைகளின் வழியாக வெளியேறும்; கனமானது சுற்றுப் பாதையில் நில்லாமல் பக்கச் சுவரில் போய் ஒட்டிக்கொள்ளும். நம் தாய்மார்கள் முறத்தில் புடைத்து நொய் வேறு, தவிடு வேறு பிரிக்கிறார்களே, அதே காரியம்தான். காற்றும் கையும் செய்வதைக் காந்தமும் மின்சாரமும் செய்கின்றன.

இந்தப் புடைத்தல் அணுக் கழிவுக்கு ஏன் பொருந்துகிறதென்றால், சோடியம், ஆக்சிஜன், அலுமினியம், இரும்பு இவையெல்லாம் இலேசான அணுக்கள். இரும்பே 56தான். கதிர் வீசும் ஸ்ட்ரோன்சியம் 90; சீசியம் 137; யுரேனியம், புளூட்டோனியம் 230க்கும் மேல். ஆகவே 56க்கும் 90க்கும் நடுவில் ஒரு கோடு கிழித்தால், விஷத்தில் பெரும்பகுதி ஒரு பக்கமும், உப்பில் பெரும்பகுதி மற்றொரு பக்கமும் போய்விடும். முழுக்க அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். விஷமில்லாத பிஸ்மத்தும் சிர்க்கோனியமும் கனமானவை. அவையும் விஷத்தோடே போகும். கார்பன் 14 இலேசானது. அது உப்போடே போகும். எந்த முறத்திலும் கொஞ்சம் நொய் தவிட்டோடு போகத்தான் செய்யும்.

இன்னொன்றையும் இங்கேயே பிரித்துச் சொல்லுகிறோம். சுவிட்சர்லாந்து தேசத்தில் வூரன்லிங்கன் என்ற ஊரில் பிளாஸ்மா உலை ஒன்று வைத்து, குறைந்த கதிருள்ள குப்பைகளை உருக்கிச் சுருக்குகிறார்கள். அது வேலை செய்கிறது. ஆனால் அது அடுப்பு. நாம் பேசுவது முறம். அடுப்பு வேலை செய்வதைக் காட்டி முறம் விற்க வருகிறவர்களிடம் தோழர்கள் ஜாக்கிரதையாயிருக்க வேண்டும்.

அணுக்களை எடை பார்த்துப் பிரிப்பது புதிதுமல்ல. அதே யுத்த காலத்தில், அதே அமெரிக்காவில், ஓக் ரிட்ஜ் என்ற ஊரில் கலுட்ரான் என்ற யந்திரங்களை வைத்து யுரேனியம் 235ஐ 238லிருந்து காந்தத்தால் பிரித்தார்கள். காந்தச் சுருளுக்குச் செம்பு கிடைக்கவில்லை. கஜானாவிலிருந்து 14,700 டன் வெள்ளியைக் கடன் வாங்கிக் கம்பியாக்கிச் சுற்றினார்கள். அந்த வெள்ளியில் கடைசிப் பகுதி கஜானாவுக்குத் திரும்பியது 1970இல். இத்தனை செய்தும் கிடைத்த யுரேனியம் கிலோக்கணக்கில்தான். ஹிரோஷிமாவின் மேல் போட அது போதுமாயிருந்தது. யுத்தம் முடிந்து, பிரித்தெடுக்கும் கூலியை யோசிக்க ஆரம்பித்தவுடனே அந்த யந்திரங்களில் பெரும்பாலானவற்றை நிறுத்திவிட்டு மலிவான வேறு முறைக்குப் போய்விட்டார்கள். ஜனங்களைக் கொல்லுவதற்குக் கணக்குப் பார்க்காதவர்கள், அந்தக் கொலைத் தொழிலின் குப்பையைக் கூட்டுவதற்கு மாத்திரம் பைசாக் கணக்குப் பார்க்கிறார்கள் என்பதை நாம் சொல்லாமலிருக்க முடியவில்லை.

கலுட்ரானுக்கும் இந்த முறத்துக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. 235ஐயும் 238ஐயும் பிரிப்பது நெல்லில் ஒரு ஜாதி நெல்லை மற்றொரு ஜாதி நெல்லிலிருந்து பொறுக்குவது. 56ஐயும் 90ஐயும் பிரிப்பது நெல்லிலிருந்து கல்லைப் பொறுக்குவது. ஆகையால் வேகமாகச் செய்யலாம், மலிவாகச் செய்யலாம் என்று சிஹிரோ ஓக்காவா என்ற பிளாஸ்மா நிபுணர் ஒரு யந்திரத்தை யோசித்தார். அவர் கலிபோர்னியாவில் ஜெனரல் அட்டாமிக்ஸ் கம்பெனியில் நெடுங்காலம் வேலை பார்த்தவர். அந்த யோசனையை வைத்துச் சான்டியாகோ பட்டணத்தில் ஆர்க்கிமிடிஸ் என்ற பெயரில் ஒரு கம்பெனி ஏற்பட்டது. தனியார் பணம் போட்டார்கள். பெரிய மாதிரி யந்திரமும் கட்டினார்கள். விஷமில்லாத மாற்றுப் பொருள்களை வைத்துச் சோதித்தார்கள். ஹான்போர்டு தொட்டிக் கழிவு அதற்குள் போகவேயில்லை. 2006இல் கம்பெனியை மூடிவிட்டார்கள்.

ஏன் மூடினார்கள் என்பதற்குப் பிறகு வருவோம். முதலில் கூலிக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பலகை இல்லாததால் வாயாலேயே சொல்லுகிறோம். பென்சில் வைத்திருப்பவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

ஒரு கிலோ உப்பிலுள்ள அணுக்கள் அத்தனையிலும் ஒவ்வொரு எலக்ட்ரானைக் கழற்ற எவ்வளவு மின்சாரம் வேண்டும்? அணு ஒன்றுக்கு 10 எலக்ட்ரான் வோல்ட் என்று சராசரி வைத்துப் பெருக்கினால், கிலோவுக்கு சுமார் 16 யூனிட் வருகிறது. நம் வீட்டு மீட்டரில் ஓடுகிற அதே யூனிட்தான். இது இயற்கையின் கூலி. இதற்குக் குறைந்து எவனாலும் செய்ய முடியாது. ஆனால் எந்த யந்திரமும் இந்தக் கூலிக்கு வேலை செய்யாது. வெளிச்சமாகவும் உஷ்ணமாகவும் வீணாகப் போவது மிக அதிகம். ஐம்பது மடங்கு செலவாகிறது என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொண்டால், கிலோவுக்கு 800 யூனிட். யூனிட்டுக்குப் பத்து சென்ட் என்றால் கிலோவுக்கு 80 டாலர், மின்சாரத்துக்கு மாத்திரம். ஒரு நாளைக்கு ஒரு டன் ஓட்டவேண்டுமானால் 33,000 கிலோவாட் இடைவிடாமல் வேண்டும். ஒரு நல்ல பட்டணத்துக்கு விளக்கெரிக்கலாம். அதே யந்திரம் இயற்கையின் கூலிக்குச் சமீபமாக வந்துவிட்டால் 700 கிலோவாட்டுக்கும் குறைவாகப் போதும். 16 யூனிட்டா, 800 யூனிட்டா என்பதில்தான் இந்தத் தொழிலின் தலையெழுத்தே அடங்கியிருக்கிறது. "பிளாஸ்மா முறை மலிவு" என்று ஒருவர் சொன்னால் "எத்தனை யூனிட்?" என்று கேளுங்கள். அவர் பதில் சொல்லாமல் விஞ்ஞானத்தின் மகிமையைப் பேச ஆரம்பித்தால், அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடலாம்.

நிற்க. இந்த 80 டாலர் அதிகமா, குறைவா? அது எதைப் புடைக்கிறோம் என்பதைப் பொறுத்தது. தொட்டிகளில் இரண்டு சரக்கு இருக்கிறது. ஒன்று உப்பு நீரும் உப்புக் கட்டியும்; விஷம் குறைவு, அளவு மிக அதிகம். மற்றொன்று அடியில் படிந்த சேறு. அளவு குறைவு, விஷம் அதிகம்.

முதலில் உப்பு. தென் கரோலினா மாகாணத்திலுள்ள சவன்னா ரிவர் என்ற அணு ஸ்தலத்தில், விஷம் குறைந்த இந்த மாதிரி நீரைச் சிமெண்டுக் கலவையோடு சேர்த்து இறுக வைக்கிறார்கள். அதற்குக் காலனுக்கு 153 டாலர் ஆயிற்று என்றும், ஹான்போர்டில் அதையே கண்ணாடியாக்கினால் காலனுக்கு 448 டாலர் ஆகும் என்றும் அமெரிக்க சர்க்காரின் தணிக்கை இலாகா 2017இல் கணக்குக் காட்டியது. ஒரு காலன் நீரை வற்றவைத்தால் இரண்டு கிலோ உப்பு தங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை 80 டாலர் வீதம் புடைத்தால் 160 டாலர். மின்சாரத்துக்கு மட்டுமே சிமெண்டு முறையின் முழுச் செலவைத் தாண்டிவிட்டது. யந்திரத்தின் விலை, ஆள் சம்பளம், ரிப்பேர் ஒன்றும் சேரவில்லை. ஆகையால் உப்பு முழுவதையும் பிளாஸ்மாவில் போடுகிறேன் என்பவன் ஒன்று கணக்குத் தெரியாதவன், அல்லது யந்திரம் விற்கிறவன். காலமும் போதாது. நீர் நீங்கலாக லட்சம் டன்னுக்கு மேற்பட்ட சரக்கு அது. நாளொன்றுக்கு ஒரு டன், வருஷத்தில் 300 நாள் என்று ஓட்டினால் ஒரு யந்திரத்துக்கு முந்நூறு வருஷத்துக்கு மேல் வேண்டும்.

இனி சேறு. இதற்குச் சிமெண்டு ஆகாது, கண்ணாடிதான். ஹான்போர்டுக்கென்று ஏற்பாடாகியிருக்கும் உருளை நாலரை மீட்டர் உயரம். சுமார் 3 டன் கண்ணாடி பிடிக்கும். அதில் மூன்றில் ஒரு பங்கு கழிவு என்றால் உருளைக்கு ஒரு டன். ஒரு உருளையைச் செய்து, காவல் வைத்து, கடைசியில் புதைக்கும் வரையில் 10 லட்சம் டாலர் ஆகும் என்று கணக்குக்கு வைத்துக்கொள்வோம். அப்படியானால் சேறு கிலோவுக்கு 1,000 டாலர் விழுகிறது. பிளாஸ்மாவில் புடைத்து முக்கால் பங்கை இலேசானதென்று ஒதுக்கினால் 750 டாலர் மிச்சம். மின்சாரத்துக்கு 80 போனாலும், ஒதுக்கியதைச் சாதாரணமாக முடக்க ஒரு 100 போனாலும், யந்திரத்துக்கும் ஆளுக்கும் ரிப்பேருக்கும் 570 டாலர் கையிலிருக்கிறது. மேலும் சேற்றிலுள்ள குரோமியமும் அலுமினியமும் கண்ணாடியைக் கெடுக்கிற சரக்குகள். அவை போனால் ஒரே உருளையில் அதிகக் கழிவைத் திணிக்கலாம். ஆனால் இதற்கும் எல்லையுண்டு: சீசியத்தையும் ஸ்ட்ரோன்சியத்தையும் நெருக்கி அடைத்தால் உருளை தாங்கமுடியாமல் சுடும்.

ஆகவே நம் அபிப்பிராயம் இது: உப்புக்கு இந்த முறம் வீண், சேற்றுக்கு லாபமாகலாம். அமெரிக்காவில் பிரின்ஸ்டன் சர்வகலாசாலையைச் சேர்ந்த பிளாஸ்மா ஆராய்ச்சியாளர்கள் 2015இல் வெளியிட்ட ஆராய்ச்சியிலும், கதிர் மிகுந்த கழிவுக்கே இது விலையில் கட்டுமென்ற பக்கமாகத்தான் பேசியிருக்கிறார்கள்.

"லாபமாகலாம்" என்றுதான் சொன்னோம், "ஆகும்" என்று சொல்லவில்லை. ஏனென்றால் அந்த 570 டாலரைத் தின்பதற்கு ஒன்று காத்திருக்கிறது. அதுதான் ரிப்பேர். சுவரில் விஷம் போய் ஒட்டுகிறது என்றோமே, அந்தச் சுவரை யார் சுரண்டுவது? மனிதன் கிட்டப் போக முடியாது. கனத்த சுவருக்கு அப்பாலிருந்து யந்திரக் கையால் சுரண்டவேண்டும். மாவு மில்லில் கல் தேய்ந்தால் அரை நாளில் கொத்தி மாட்டிவிடுகிறோம். இங்கே ஒரு திருகாணியைக் கழற்ற ஒரு வாரம் ஆகலாம். வருஷத்தில் 300 நாள் ஓடும் என்று நாம் போட்ட கணக்கு 100 நாளானால் கிலோவுக்கு விழும் யந்திரச் செலவு மூன்று மடங்காகும். நிஜக் கழிவைப் போட்டு ஓட்டிப் பார்த்தவர் ஒருவருமில்லாததால், இந்த ஒரு எண்ணைக் காகிதத்தில் கண்டுபிடிக்க முடியாது.

இப்போது கம்பெனி ஏன் மூடப்பட்டது என்ற கேள்விக்கு வருவோம். சந்தையில் கத்தரிக்காய் விற்பவனுக்கு நூறு பேர் வாங்க வருவார்கள். ஒருவன் வேண்டாமென்றால் மற்றவன் வாங்குவான். இந்த யந்திரத்தை வாங்கக்கூடியவர் அமெரிக்காவில் ஒரே ஒருவர்தான், எரிசக்தி இலாகா. அவர் "நிஜக் கழிவில் ஓட்டிக் காட்டு, பிறகு வாங்குகிறேன்" என்பார். கம்பெனியோ "வாங்குவதாக உறுதி சொல், பிறகு பணம் திரட்டி ஓட்டிக் காட்டுகிறேன்" என்று கேட்கும். தனியார் பணத்துக்கு வட்டி நிற்காமல் ஓடும். இலாகாவின் பணத்துக்கு வட்டியுமில்லை, அவசரமுமில்லை. இப்படிப்பட்ட இடத்தில் யார் முதலில் சோர்ந்துபோவார்கள் என்பது சொல்லாமலே விளங்கும்.

அன்றியும், கண்ணாடி ஆலையின் ஒப்பந்தம் எப்படிப்பட்டதென்று பார்க்கவேண்டும். ஆன செலவைச் சர்க்கார் கொடுத்துவிடுவது, அதற்கு மேல் கட்டணமும் கொடுப்பது என்ற முறை. 2000ஆம் வருஷத்தில் 430 கோடி டாலரில் 2011க்குள் முடியும் என்றார்கள். 2006இல் 1,200 கோடிக்கு மேல் போயிற்று. 2012இல் பொறியியல் சந்தேகங்களால் முக்கியமான பகுதிகளில் வேலை நின்றது. 2016இல், தரக்குறைவான பொருள்களுக்கும் வேலைக்கும் பணம் வாங்கியதாகவும், பொதுப் பணத்தைக் கொண்டு சட்டசபை அங்கத்தினர்களைத் தங்கள் பக்கம் சரிக்கட்ட முயன்றதாகவும் எழுந்த வழக்கில், பெக்டெல், ஏகாம் என்ற இரு கம்பெனிகளைச் சேர்ந்தவர்கள், குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே 12 கோடியே 50 லட்சம் டாலர் கட்டி வழக்கைத் தீர்த்துக்கொண்டார்கள். செலவு ஏறினாலும் செலவெல்லாம் திரும்பி வருகிற ஒருவனுக்கு, உருளைகளின் தொகையைக் குறைக்கும் யந்திரத்தின் மேல் ஆசை பிறக்க என்ன காரணமிருக்கிறது? வீட்டுக்காரனுக்குச் சிக்கனம் வேண்டும். நாள் கூலிக்காரனை வைத்துக்கொண்டு "சீக்கிரம் முடி" என்றால் அவன் ஏன் முடிப்பான்? நாள் கூலிக்காரத் தோழர்கள் கோபிக்கவேண்டாம். உங்களுக்கு நாள் போனால் கூலியும் போய்விடுகிறது, இவர்களுக்கு அப்படியல்ல.

எல்லாவற்றிலும் பெரிய செலவு காலம். ஹான்போர்டைக் காவல் காத்து, சுத்தம் செய்ய வருஷத்துக்குச் சுமார் 300 கோடி டாலர் வீதம் போய்க்கொண்டிருக்கிறது. ஒரு கழிவும் கண்ணாடியாகாத வருஷத்திலும் காவல் செலவும் தொட்டி பார்க்கும் செலவும் நிற்பதில்லை. வேலை முழுவதும் முடிய இன்னும் 32,300 கோடி டாலர் முதல் 67,700 கோடி டாலர் வரையில் ஆகும் என்று 2019இல் எரிசக்தி இலாகாவே மதிப்புப் போட்டது. குறைந்த மதிப்புக்கும் கூடிய மதிப்புக்கும் நடுவிலுள்ள வித்தியாசம் எவ்வளவென்று பாருங்கள். இரண்டு மடங்குக்கு மேல்! நம்மூர் மேஸ்திரி ஒருவர் "வீடு கட்ட மூன்று லட்சம் ஆகும், அல்லது ஏழு லட்சம் ஆகும்" என்றால் அவரிடம் சாவியைக் கொடுப்போமா? ஆகவே பிளாஸ்மா யந்திரம் கிலோவுக்கு எத்தனை டாலர் மிச்சப்படுத்துகிறது என்பதைவிட, அது வேலையை எத்தனை வருஷம் முன்னதாக முடிக்கும் என்பதுதான் பெரிய எண். ஒரு வருஷம் குறைத்தால் 300 கோடி மிச்சம். அதைக் கொண்டு வந்து பொருத்திச் சரிசெய்வதில் ஐந்து வருஷம் தள்ளிப்போனால் 1,500 கோடி நஷ்டம். யந்திரம் விற்பவர்கள் முதல் கணக்கைச் சொல்லுவார்கள், இரண்டாவதைச் சொல்லமாட்டார்கள்.

பிரித்தாலும் விஷம் அழிகிறதில்லை என்பதையும் மறக்கக்கூடாது. சீசியம் 137 பாதியாகக் குறைய 30 வருஷம். புளூட்டோனியம் 239 பாதியாகக் குறைய 24,100 வருஷம். பிளாஸ்மாவில் சுழன்றாலும், கண்ணாடியில் உறைந்தாலும் அந்தக் கணக்கில் ஒரு நாள்கூடக் குறையாது. முறம் கல்லைப் பிரிக்குமேயொழிய, கல்லை அரிசியாக்காது. பிரித்த விஷத்தை எங்கே புதைப்பது? நெவாடா மாகாணத்தில் யக்கா மலையை 1987இல் பொறுக்கியெடுத்து, கோடி கோடியாகச் செலவழித்துக் குடைந்து, 2010ஐ ஒட்டிக் கைவிட்டார்கள். இந்த உயர்கதிர்க் கண்ணாடிக்கு அமெரிக்காவில் இதுவரை ஒரு புதைகுழியுமில்லை.

ஆனால் இதைக் காரணமாகச் சொல்லி, "பின்னே ஒன்றும் செய்யவேண்டாம்" என்பது சோம்பேறி வாதம். சேற்றில் சிறிதளவு எடுத்து, நிஜக் கழிவாகவே, ஒரு சிறு யந்திரத்தில் போட்டு ஓட்டிப் பார்க்கட்டும். கிலோவுக்கு எத்தனை யூனிட், வருஷத்தில் எத்தனை நாள் ஓடிற்று, சுவரைச் சுரண்ட எத்தனை நாள் என்ற மூன்று எண்களையும் பத்திரிகையில் போடட்டும். ஒரு வருஷத்துக்குக் கொட்டுகிற 300 கோடியில் நூற்றில் ஒரு பங்கு மூன்று கோடி. அதை வருஷந்தோறும் இதற்கு ஒதுக்கினால் ஒருவர் குடியும் முழுகிவிடாது. கண்ணாடி வேலை அதுவரையில் நிற்கவும் வேண்டாம். நாளைக்கு நம் கல்பாக்கத்துக்கும் ஒருவர் இந்த யந்திரத்தின் படத்தைத் தூக்கிக்கொண்டு வரலாம். அப்போது நாம் கேட்கவேண்டியதும் இந்த மூன்று எண்களைத்தான்.

ஹான்போர்டில் விஷம் குறைந்த பகுதியைக் கண்ணாடியாக்கும் வேலை 2025 அக்டோபரில் ஒருவழியாக ஆரம்பமாயிற்று. சேற்றுக்கான ஆலை 2033இல் ஓடவேண்டும் என்று கோர்ட்டுக் கெடு இருக்கிறது. பி 109 என்ற தொட்டி ஒழுகுவதாக 2021 ஏப்ரலில் அறிவித்தபோது, நாளொன்றுக்கு மூன்றரை காலன் மண்ணில் இறங்குவதாகச் சொன்னார்கள். அந்தத் தொட்டி கட்டப்பட்டது யுத்த காலத்தில். சாதாரண எஃகுத் தகட்டில்.

கேள்வி கேட்க விரும்பும் தோழர்கள் சீட்டில் எழுதித் தலைவரிடம் கொடுக்கலாம்.